பழைய மென்பொருளுக்கு ஒரு தனி அறை

பொறியியல் கல்லூரிகளில் கணினி லேபைப் பார்த்துக்கொள்ளும் இன்சார்ஜ்களுக்கும், சிஸ்டம் அட்மின்களுக்கும், என்எஸ்2-வோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் ஆய்வு மாணவர்களுக்கும்,



உங்களில் பெரும்பாலோரை நான் நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் ஐந்தாம் பருவம் தொடங்கும்போது உங்கள் லேபில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். புதிய கணினிகள் வந்திருக்கும், அல்லது இருக்கிற கணினிகளில் உபுண்டு 22.04 ஏற்றியிருப்பீர்கள். அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தின் நெட்வொர்க்ஸ் லேபில் நெட்வொர்க் சிமுலேட்டர் பற்றிய பயிற்சி இருக்கிறது. நெரிசல் கட்டுப்பாட்டு அல்காரிதங்களை அதில் செய்து காட்ட வேண்டும். சீனியர்கள் எழுதிவைத்த மேனுவல் என்எஸ்2 என்ற சிமுலேட்டரைத்தான் சொல்கிறது. நிறுவப் போனால் பாதியில் நின்றுவிடுகிறது. தேடுகிறீர்கள். உடனே ஒரு குறிப்பு கிடைக்கிறது: சோர்சஸ்.லிஸ்ட் கோப்பின் கடைசியில் பயோனிக் என்ற பெயர் வரும் ஒரு வரியைச் சேருங்கள், ஜிசிசி 4.8-ஐ நிறுவுங்கள், மேக்ஃபைலில் பதிப்பை மாற்றுங்கள், மறுபடி ஓட்டுங்கள்.

அப்படிச் செய்தால் என்எஸ்2 ஓடும். அதனால்தான் அந்தக் குறிப்பு கைமாறிக் கைமாறி இத்தனை கல்லூரிகளுக்குப் போயிருக்கிறது. அந்த ஒரு வரியைச் சேர்க்காதீர்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்தக் கடிதம். வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் உங்களுக்குப் பயனில்லை. அதற்குப் பதில் என்ன செய்யலாம் என்பதையும் சொல்கிறேன்.

நான் ஒரு பொறியியல் கல்லூரியில் 16 ஆண்டுகளாக லேபைப் பார்த்துக்கொள்கிறவன். 2023-இல் எங்கள் 60 கணினிகளுக்கும் உபுண்டு 22.04 ஏற்றினோம். என்எஸ்2 கம்பைல் ஆகவில்லை. நானும் அதே வரியைச் சேர்த்தேன். ஜிசிசி 4.8 வந்தது. மாணவர்கள் ஒவ்வொரு முறையும் பதிப்பு எண்ணைச் சேர்த்துத் தட்டச்சு செய்யச் சிரமப்படுவார்களே என்று, வெறுமனே ஜிசிசி என்று கூப்பிட்டாலே 4.8 வந்து நிற்கும்படி இயல்புநிலையையும் மாற்றினேன். ஒன்றரை மாதம் ஒரு குறையும் இல்லை. மாடல் பிராக்டிகல் அன்று காலை லேபைத் திறந்து எல்லாவற்றையும் போட்டால், பாதிக் கணினிகளில் திரை முழுக்க எழுத்துகள் பெரிது பெரிதாக நின்றன. சிலவற்றில் டெஸ்க்டாப்பே வரவில்லை.

முந்தைய இரவு கர்னலுக்கு ஒரு பாதுகாப்புத் திருத்தம் தானாக வந்திருந்தது. தனி கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினிகளில், கர்னல் மாறும்போதெல்லாம் கார்டின் டிரைவரைக் கணினியே மறுபடி கம்பைல் செய்துகொள்ளும். அதற்காக அது ஜிசிசியைக் கூப்பிட்டது. என் ஏற்பாட்டின்படி 4.8 வந்தது. உபுண்டு 22.04-இன் கர்னல் 5.15. அந்த 5.15-லிருந்துதான் கர்னலுக்குக் குறைந்தபட்சம் ஜிசிசி 5.1 வேண்டும் என்ற விதி வந்தது. டிரைவர் கம்பைல் ஆகாமல் போக, திரையும் போயிற்று. 30 மாணவர்கள் ரெக்கார்டு நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு வராந்தாவில் நின்றார்கள். எந்தக் கணினியில் என்ன கோளாறு என்று கண்டுபிடிக்கவே எனக்கு மதியமாகிவிட்டது. சிமுலேட்டருக்காகச் செய்த மாற்றம் கிராபிக்ஸ் கார்டில் போய் வெடிக்கும் என்று யார் நினைப்பார்கள்? என்எஸ்2 அன்றும் எந்தக் குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

இந்த மென்பொருள் ஏன் இப்படிப் படுத்துகிறது என்பது தெரிந்தால் வழியும் தெரியும். என்எஸ் 1989-இல் ரியல் என்ற வேறொரு சிமுலேட்டரின் கிளையாகப் பிறந்தது. 1995 முதல் அமெரிக்காவின் டார்பா நிதியில் வின்ட் என்ற திட்டம் அதை வளர்த்தது. லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம், ஜெராக்ஸ் பார்க், பெர்க்லி பல்கலைக்கழகம், தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஐஎஸ்ஐ ஆகியவை அதில் சேர்ந்திருந்தன. நாம் எல்லோரும் பயன்படுத்தும் 2.35 பதிப்பு 2011 நவம்பரில் வந்தது. அதற்கு நான்கு மாதம் கழித்து, 2012 மார்ச்சில், ஜிசிசி 4.7 வந்தது. இடைவெளி அவ்வளவுதான். ஆனால் அந்த நான்கு மாதத்துக்குள் கம்பைலர் ஒரு பழக்கத்தை விட்டுவிட்டது.

லிங்க்ஸ்டேட் அடைவில் எல்எஸ் என்ற ஹெட்டர் கோப்பின் 137-ஆவது வரியைத் திருத்தாதவர்கள் நம்மில் யாரும் இருக்க மாட்டோம். அந்த வரி இரேஸ் என்ற ஒரு செயல்பாட்டைப் பெயர் சொல்லி அழைக்கிறது. அது தாய் வகுப்பில் இருக்கிறது. தாய் வகுப்பு ஒரு டெம்ப்ளேட். பழைய ஜிசிசி, பெயரைச் சொன்னால் போதும், தாய் வீடுவரை போய்த் தேடி எடுத்து வந்துவிடும். சி++ மொழியின் நெறிமுறைப்படி அப்படித் தேடக் கூடாது. ஜிசிசிதான் அதுவரை கண்டுகொள்ளாமல் இருந்தது. 4.7-இல் கண்டிப்பாகிவிட்டது. பெயருக்கு முன்னால் திஸ் என்ற சொல்லையும் அம்புக்குறியையும் போட்டு, 'இது என்னுடையதுதான், தாய்வழி வந்தது' என்று நாம் எழுதிக் காட்ட வேண்டியிருக்கிறது. இதை மந்திரம்போல மனப்பாடம் செய்து வைத்திருக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். ஏன் என்று அவர்களுக்கு ஒருமுறை சொல்லிக்கொடுங்கள். டெம்ப்ளேட் பற்றி ஒரு வகுப்பு எடுப்பதைவிட இது நன்றாகப் பதியும்.

அதன்பிறகு கம்பைலர் இன்னும் தள்ளிப் போய்விட்டது. ஜிசிசி 6-இல் சி++14 இயல்புநிலை ஆனது, 11-இல் சி++17. உபுண்டு 22.04 தருவது ஜிசிசி 11. 2011-இல் எழுதிய நிரலை 2017-இன் இலக்கணம் வைத்துத் திருத்தினால் சிவப்பு மைதான் மிஞ்சும். உபுண்டு 12.04-இன் ஜிசிசி 4.6-இல் என்எஸ் 2.35-க்கு ஒரு திருத்தமும் தேவைப்படவில்லை. 14.04-இன் ஜிசிசி 4.8-இல் அந்த ஒரு வரி போதும். என்எஸ்2-வின் சொந்த வீடு அந்தக் காலம்தான். அங்கே அது ஆரோக்கியமாக இருக்கிறது.

இப்போது அந்தப் பயோனிக் வரி. பயோனிக் என்பது 2018 ஏப்ரல் 26 அன்று வந்த உபுண்டு 18.04-இன் பெயர். 22.04-இன் பட்டியலில் 18.04-இன் களஞ்சியத்தைச் சேர்த்தால் ஆப்ட் எதிர்ப்பே காட்டாது. இரண்டுக்கும் கையொப்பச் சாவி உபுண்டுவுடையதே, அதனால் நம்பிவிடும். இரண்டிலும் இருக்கும் பேக்கேஜ்களில் புதியதையே எடுக்கும், அதுவரை சரி. இரண்டில் ஒன்றில் மட்டும் இருப்பதைக் கேட்டால்தான் தொல்லை. ஒரு மாணவர் ஏதோ பழைய குறிப்பைப் பார்த்து பைத்தான் 2-க்கான பிப்பை நிறுவச் சொல்கிறார் என்று வையுங்கள். 22.04-இன் களஞ்சியத்தில் அது கிடையாது. 'அப்படி ஒன்று இல்லை' என்று ஆப்ட் சொல்லியிருக்க வேண்டும். பயோனிக் வரி இருப்பதால் சத்தமில்லாமல் 2018-இலிருந்து எடுத்துவந்து நிறுவிவிடும். ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0-வின் லைப்ரரியும் அப்படித்தான் உள்ளே வரும்.

இதைவிடக் கவலை தருவது இன்னொன்று. அந்தக் குறிப்புகளில் பெரும்பாலும் பயோனிக், மெயின், யுனிவர்ஸ் என்று மட்டும்தான் இருக்கும். 18.04-இன் பாதுகாப்புத் திருத்தங்கள் வேறொரு பிரிவில், பயோனிக்-செக்யூரிட்டி என்ற பெயரில், வெளிவந்தன. அந்தப் பெயர் குறிப்பில் இருக்காது. ஆகவே நீங்கள் எடுப்பது 2018 ஏப்ரலில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கும் பேக்கேஜ். அதன்பிறகு ஐந்து ஆண்டுகள் அடைக்கப்பட்ட ஓட்டைகள் அத்தனையும் அதில் திறந்தே கிடக்கும். 18.04-க்கான வழக்கமான ஆதரவும் 2023 மே மாதத்தோடு முடிந்துவிட்டது. இப்படி இரண்டு காலத்துப் பேக்கேஜ்களைத் தைத்து ஒரே உடம்பாக்குவதற்கு டெபியன்காரர்கள் ஃபிராங்கன்டெபியன் என்று பெயர் வைத்து, அதைச் செய்யாதீர்கள் என்று தங்கள் விக்கியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். மேரி ஷெல்லியின் நாவலில் பிணங்களின் துண்டுகளை ஒட்டிச் செய்த உருவம் நினைவுக்கு வர வேண்டும் என்றுதான் அந்தப் பெயர்.

'நாம்' பற்றியும் ஒரு வார்த்தை. என்எஸ்2-வின் அனிமேஷனைக் காட்டும் நாம் என்ற கருவி புதிய கணினிகளில் திறந்தவுடன் விழுந்துவிடுகிறது என்று, யாரோ எப்போதோ தயாரித்த ஒரு டெப் கோப்பை டிரைவ் லிங்க்காகவும் வாட்ஸ்அப்பிலும் அனுப்பிக்கொள்கிறோம். டெப் கோப்புக்குள் நிறுவும்போது ஓடும் ஸ்கிரிப்டுகள் உண்டு. அவை ரூட் அதிகாரத்தோடு ஓடும். அந்தக் கோப்பை நிறுவுவது, யாரென்றே தெரியாத ஒருவருக்கு உங்கள் லேபின் 60 கணினிகளின் சாவியைக் கொடுப்பதாகும். அனுப்பிய நண்பர் நல்லவராகவே இருக்கலாம். அவருக்கும் அது வேறு யாரிடமிருந்தோதான் வந்தது.

சரி, என்னதான் செய்வது?

முதலில், உங்களுக்கு வேண்டியது வெறும் டிசிஎல் ஸ்கிரிப்டை ஓட்டுவதுதானா என்று பாருங்கள். பி.இ. மாணவர்களின் பயிற்சிக்கு அது போதும். அப்படியென்றால் நீங்கள் எதையும் கம்பைல் செய்யத் தேவையில்லை. டெபியன் பராமரிப்பாளர்கள் என்எஸ் 2.35-ஐ எடுத்து, புதிய கம்பைலருக்கு ஏற்பத் திருத்தி, என்எஸ்2 என்ற பேக்கேஜாகவே தந்திருக்கிறார்கள். அது உபுண்டு 22.04-இன் யுனிவர்ஸ் களஞ்சியத்திலும் இருக்கிறது. ஆப்டிடம் பெயரைச் சொல்லிக் கேட்டால் வரும். இத்தனை ஆண்டுகளாக நாம் பட்ட பாட்டில் பாதி, முதலில் அங்கே தேடாததால் வந்தது.

ஆய்வு மாணவர்களின் பாடு வேறு. அவர்கள் ஏஓடிவி நெறிமுறையின் உள்ளே கை வைப்பார்கள், சென்சர் நெட்வொர்க்குக்காக லீச் பேட்சைப் போடுவார்கள், எரிசக்திக் கணக்கை மாற்றுவார்கள். அவர்களுக்கு மூலநிரல் வேண்டும், அதைக் கம்பைல் செய்ய அந்தக் காலத்துக் கம்பைலர் வேண்டும். இங்கேதான் நான் சொல்ல வந்தது: பழைய மென்பொருளைப் புதிய கணினிக்குள் கலந்துவிடாதீர்கள், அதற்கு ஒரு தனி அறை கொடுங்கள். புது வீட்டுக்குக் குடிபோகும்போது பாட்டியின் அம்மிக்கல்லை எடுத்துப் போகிறோம். அதற்காகக் கிரானைட் மேடையை உடைத்து உள்ளே பதிப்பதில்லை. பின்கட்டில் ஓர் இடம் ஒதுக்குகிறோம். அரைக்கிற வேலை அங்கே நடக்கும்.

அந்த அறைக்குப் பெயர் கன்டெய்னர். உபுண்டு 14.04-இன் கோப்புகள் முழுவதையும் ஒரு இமேஜாக எடுத்து, அதற்குள் ஜிசிசி 4.8, எக்ஸ்11 லைப்ரரிகள், என்எஸ் ஆல்-இன்-ஒன் 2.35 எல்லாவற்றையும் ஏற்றி, 137-ஆவது வரியைத் திருத்தி, கம்பைல் செய்து வைத்துவிடலாம். உள்ளே இருப்பதற்கு அது 2014 என்றே தோன்றும். வெளியே உங்கள் 22.04 தன் பாட்டுக்குத் திருத்தங்களை வாங்கிக்கொண்டு இருக்கும். உள்ளிருக்கும் ஜிசிசி 4.8 வெளியே எட்டிக்கூடப் பார்க்காது. இது ஓடுவதற்குக் காரணம், பயனர் நிரல்களை உடைக்கும் மாற்றத்தைக் கர்னலில் செய்யக் கூடாது என்று லினஸ் டோர்வால்ட்ஸ் ஆண்டுக்கணக்கில் பிடிவாதமாக இருப்பதுதான். பத்து வருடப் பழைய நிரல் இன்றைய கர்னலிடம் கேட்பதைக் கேட்டால், அது அப்படியே கிடைக்கிறது. அந்தப் பிடிவாதத்துக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

விலக்கு இல்லாமல் இல்லை. டெபியன் 7, சென்ட்ஓஎஸ் 6 காலத்து இமேஜ்கள் சில புதிய கர்னல்களில் எழுந்த கணமே விழும். வி-சிஸ்கால் என்ற பழைய நுழைவாயிலைப் பாதுகாப்புக்காக அடைத்துவிட்டதுதான் காரணம். கர்னல் அமைப்பை மாற்றி அதைத் திறக்கலாம் என்று சொல்வார்கள். லேப் கணினிகளில் அதைச் செய்யாதீர்கள். அவ்வளவு பழையதற்கு விர்ச்சுவல் மெஷின் போடுங்கள். அதற்குச் சொந்தக் கர்னலே இருக்கும். சுவரும் இன்னும் தடிமன்.

கன்டெய்னருக்கு டாக்கரா போட்மேனா என்று கேட்டால், லேபுக்குப் போட்மேன் என்பேன். டாக்கரை ஓட்ட மாணவர்களை டாக்கர் குழுவில் சேர்க்க வேண்டியிருக்கும். அந்தக் குழுவில் இருப்பவர் முழு வட்டையும் கன்டெய்னருக்குள் இணைத்து, ரூட்டாக எதை வேண்டுமானாலும் மாற்ற முடியும். மாணவருக்கு ரூட் கடவுச்சொல் கொடுப்பதும் அதுவும் ஒன்றுதான். போட்மேன் அந்தந்தப் பயனரின் அதிகாரத்திலேயே ஓடும். ஒரே ஒரு எச்சரிக்கை: மாணவர்களின் ஹோம் அடைவு என்எஃப்எஸ் வழியாகச் சர்வரில் இருந்தால் போட்மேன் முரண்டு பிடிக்கும். இமேஜ் வைக்கும் இடத்தை அந்தந்தக் கணினியின் சொந்த வட்டுக்கு மாற்றிவிடுங்கள். இது தெரியாமல் எனக்கு மூன்று நாள் போயிற்று.

அடுத்தது, அறையின் கதவு. என்எஸ்2 ஒரு நெட்வொர்க் சிமுலேட்டர். நூறு நோடுகளையும் அவற்றுக்கிடையே ஓடும் பாக்கெட்டுகளையும் தன் நினைவகத்துக்குள்ளேயே உருவாக்கிக்கொள்கிறது. நமது பயிற்சிகளுக்கு அதற்கு உண்மையான நெட்வொர்க் ஒரு துளியும் தேவையில்லை. ஆகவே கன்டெய்னரை ஓட்டும்போது நெட்வொர்க் வேண்டாம் என்றே சொல்லிவிடுங்கள். போட்மேனில் அதற்கு ஒரு தேர்வு உண்டு. 2019-லேயே வழக்கமான ஆதரவு முடிந்துபோன உபுண்டு 14.04 உள்ளே இருந்தாலும், வெளியிலிருந்து யாரும் அதைத் தொட முடியாது, அதுவும் வெளியே போக முடியாது. பழைய மென்பொருளைப் பத்திரமாக ஓட்டுவது பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொன்னால் இதைத்தான் கேட்பேன்: இதற்கு நெட்வொர்க் வேண்டுமா? வேண்டாம் என்றால் உங்கள் ஆபத்தில் பெரும்பகுதி அங்கேயே போய்விட்டது.

உள்ளேயும் வெளியேயும் பொதுவாக ஒரே ஓர் அடைவு வைத்துக்கொள்ளுங்கள். மாணவர் தன் ஸ்கிரிப்டை அங்கே எழுதுவார். உள்ளிருந்து என்எஸ் அதை ஓட்டி, டிரேஸ் கோப்பையும் நாம் கோப்பையும் அங்கேயே எழுதும். ஹோம் அடைவு முழுவதையும் இணைத்துவிடாதீர்கள். அனிமேஷனைப் பார்க்கக் கன்டெய்னருக்குள் இருக்கும் நாமைத் திரைக்குக் கொண்டுவர வேண்டுமென்றால், எக்ஸ்ஹோஸ்ட் கட்டளைக்குப் பிறகு வெறும் கூட்டல் குறியைப் போடச் சொல்லும் குறிப்புகள் நிறையக் கிடைக்கும். அந்தக் கூட்டல் குறி, உங்கள் திரையின் அணுகல் கட்டுப்பாட்டையே எடுத்துவிடுகிறது. எக்ஸ்11-இல் ஒரு சாளரம் இன்னொரு சாளரத்தில் தட்டும் விசைகளைக் கேட்க முடியும் என்பதை நினைவில் வையுங்கள். அந்தக் கணினியில் இருக்கும் அந்த ஒரு பயனருக்கு மட்டும் அனுமதி தரும் முறையும் அதே கட்டளையில் இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள். களஞ்சியத்தின் பேக்கேஜ் உங்கள் கணினியில் விழாமல் ஓடினால், நாமை வெளியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

இமேஜ் ஒருமுறை தயாரானதும் அதை ஒரே கோப்பாகச் சேமித்து, பென்டிரைவில் எடுத்துப்போய் மற்ற 59 கணினிகளிலும் ஏற்றலாம். அந்தக் கோப்பின் ஷா256 ஹாஷை எடுத்து லேப் ரிஜிஸ்டரில் எழுதிவையுங்கள். இமேஜைக் கட்டிய செய்முறைக் கோப்பும் அதோடு சேர்ந்து இருக்க வேண்டும். எந்த உபுண்டு, எந்தப் பேக்கேஜ், எந்த வரியில் என்ன திருத்தம் என்பது அதில் அப்படியே இருக்கும். நாளைக்கு நீங்கள் வேறு கல்லூரிக்குப் போய்விட்டாலும் அடுத்து வருபவர் அதைப் படித்துப் புரிந்துகொள்வார். நம் லேப்களில் அறிவு ஆள் மாறும்போது கூடவே போய்விடுகிறது. அதைத் தடுக்க இந்த இருபது வரிக் கோப்பைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ஆய்வு மாணவர்களுக்கு இது லேப் வசதி மட்டுமல்ல, பட்டமே இதில் இருக்கிறது. எங்கள் துறையில் ஒரு ஸ்காலர் தன் முடிவுகள் முழுவதையும் என்எஸ்2-வில் எடுத்திருந்தார். ஆய்வேடு மதிப்பீட்டுக்குப் போய் வந்தபோது, நோடுகளின் எண்ணிக்கையைக் கூட்டி இன்னும் ஒரு வரைபடம் சேர்க்கும்படி ஒரு மதிப்பீட்டாளர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் பழைய லேப்டாப்பின் ஹார்ட்டிஸ்க் அதற்குள் போய்விட்டிருந்தது. அவருடைய நிரல் பத்திரமாக இருந்தது. அதை ஓட்டிய சூழல் இல்லை. எந்த உபுண்டு, எந்த ஜிசிசி, லீச் பேட்சின் எந்த வடிவம் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, பழைய வரைபடத்தின் எண்களே மறுபடி வருகிறதா என்று ஒப்பிட்டு, நான்கு மாதம் ஆயிற்று. அதுவரை அவர் முகத்தில் சிரிப்பைப் பார்க்கவில்லை.

எண்கள் மாறுமா என்று நீங்கள் கேட்கலாம். மாறலாம். பழைய 32 பிட் கணினிகளில் ஜிசிசி மிதவைப் புள்ளிக் கணக்கை 80 பிட் ரிஜிஸ்டர்களில் செய்தது. 64 பிட்டில் அதே கணக்கு 64 பிட்டில் நடக்கிறது. கடைசி இலக்கத்தில் வரும் சின்ன வித்தியாசம் இரண்டு நிகழ்வுகளின் வரிசையை மாற்றினால், அங்கிருந்து சிமுலேஷன் வேறு பாதையில் போய்விடும். அதனால் நிரலை மட்டும் காப்பாற்றினால் போதாது. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் நாளில், அதை ஓட்டிய இமேஜையும் இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள். ஒன்று கைடிடம் இருக்கட்டும்.

லேபில் என்எஸ்2 மட்டும்தான் பழசு என்றில்லை. பல துறைகளில் பத்து வருடத்துக்கு முன் யாரோ பிராஜெக்டாகச் செய்த பிஎச்பி 5 வருகைப்பதிவுப் பக்கம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பிஎச்பி 5.6-க்கான பாதுகாப்புத் திருத்தம் 2018 டிசம்பரோடு நின்றுவிட்டது. பழைய மைஎஸ்க்யூஎல் செயல்பாடுகளைப் பிஎச்பி 7 நீக்கிவிட்டதால் அந்த நிரல் புதியதில் ஓடாது. இதற்குத் தனி அறை போதாது, ஏனென்றால் இதன் வேலையே நெட்வொர்க்கில்தான். இதை விர்ச்சுவல் மெஷினுக்குள் போட்டு, கல்லூரிக்கு வெளியே தெரியாமல், வேண்டிய சில கணினிகள் மட்டும் தொடும்படி வைக்கலாம். அதுவும் புதிதாக எழுதும்வரைதான். மாணவர்களின் பெயரும் பிறந்த தேதியும் இருக்கும் ஒரு பக்கத்தை இனியும் தள்ளிப்போடாதீர்கள்.

32 பிட் நிரல்களை மட்டும் வைத்திருக்கும் லேப்களுக்கு நல்ல செய்தி ஒன்று இருக்கிறது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13, 32 பிட் இன்டெல் கணினியில் நேரடியாக நிறுவும் வசதியை நிறுத்திவிட்டது. ஆனால் 64 பிட் கணினியில் பழைய 32 பிட் நிரல்களை ஓட்டுவதற்காக அந்தப் பேக்கேஜ்களைத் தொடர்ந்து தருகிறது. 2038 ஜனவரி 19 அன்று 32 பிட் நேரக் கணக்கு நிரம்பிவிடும் என்பதால் மற்ற 32 பிட் வகைகளில் நேரத்தை 64 பிட்டாக மாற்றினார்கள். இன்டெல் 32 பிட்டில் மட்டும் வேண்டுமென்றே மாற்றவில்லை. மாற்றினால், ஏற்கெனவே கம்பைல் ஆகி இருக்கும், மூலநிரல் கிடைக்காத பழைய நிரல்கள் உடைந்துவிடும். பழையதை எப்படி மதிப்பது என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்கவில்லை. அதை உள்ளபடியே விட்டு, அதற்கென்று ஒரு எல்லையும் போட்டிருக்கிறார்கள்.

என்எஸ்3-க்கு மாறிவிட்டால் என்ன என்று சிலர் கேட்பீர்கள். புதிதாக ஆய்வு தொடங்குகிறவர்கள் கட்டாயம் மாற வேண்டும். 2008-இல் முதல் பதிப்பு வந்து, இன்றுவரை உயிரோடு வளர்ந்துகொண்டிருக்கிறது. ஆனால் அது என்எஸ்2-வின் அடுத்த பதிப்பு இல்லை. முழுக்க வேறாக எழுதப்பட்டது. டிசிஎல் ஸ்கிரிப்டு ஒன்றுகூட அதில் ஓடாது. பாதி ஆய்வை முடித்தவரிடம் மாறச் சொல்வது, கட்டிய வீட்டை இடிக்கச் சொல்வதுபோல. அவர்களுக்கு என்எஸ்2 இன்னும் சில ஆண்டுகள் வேண்டும். அதைப் பழசு என்று ஏளனம் செய்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஒழுங்காக ஓடி, சரியான விடை தரும் மென்பொருள் அது. மேனுவல் எழுதும் பேராசிரியர்களிடம் மட்டும் ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை அச்சடிக்கும்போது, நிறுவும் முறை என்ற பக்கத்திலிருந்து அந்தப் பயோனிக் வரியை எடுத்துவிடுங்கள். மாணவர்கள் அச்சில் பார்ப்பதை அப்படியே நம்புவார்கள்.

திங்கட்கிழமை லேபைத் திறந்ததும் முதல் கணினியில் உட்கார்ந்து சோர்சஸ்.லிஸ்ட் கோப்பைத் திறந்து பாருங்கள். பயோனிக், செனியல், டிரஸ்டி என்று பழைய வெளியீடுகளின் பெயர் எதுவும் இருந்தால் நீக்குங்கள். ஜிசிசியின் பதிப்பைக் கேளுங்கள், 4.8 என்று பதில் வந்தால் இயல்புநிலையை 11-க்குத் திருப்பிவிட்டு, பழையதை நீக்குங்கள். எந்தக் களஞ்சியத்திலும் இல்லாத பேக்கேஜ் என்னென்ன இருக்கின்றன என்று ஆப்டிடம் பட்டியல் கேட்டு, உங்களுக்கே தெரியாமல் வந்தவற்றை வெளியேற்றுங்கள். பிறகு ஒரே ஒரு கணினியில் அந்தத் தனி அறையைக் கட்டிப் பாருங்கள். எனக்கு முதல் முறை ஒரு முழு நாள் ஆயிற்று. இரண்டாவது கணினிக்குப் பத்து நிமிடம்.

கட்டி முடித்ததும் உங்கள் செய்முறைக் கோப்பைப் பக்கத்துக் கல்லூரி இன்சார்ஜுக்கும் அனுப்பிவையுங்கள்.

அன்புடன்,
உங்களைப் போல ஒரு லேப் இன்சார்ஜ்